ஐந்து மில்லிமீட்டர் வண்டுக்கு ஒரு பெயர்

பொள்ளாச்சித் தென்னந்தோப்பில் மழைக்குப் பின் நனைந்து கிடக்கும் மட்டையைப் புரட்டுங்கள். எறும்பும் மரவட்டையும் ஓடுவதற்கு நடுவே, எறும்பைவிட நீண்டு மெலிந்த கறுப்புப் பூச்சி ஒன்று வயிற்றின் நுனியை மேலே வளைத்துத் தூக்கியபடி பாயும். எருக்குழியில், சாணிக்கு அடியில், அழுகும் வாழைத்தண்டில், நொய்யல் கரையின் ஈரமணலில், வால்பாறைச் சோலைக்காட்டுச் சருகில் என்று ஈரமும் மக்கும் பொருளும் சேரும் இடமெல்லாம் இதன் உறவினங்கள் இருக்கும். பார்வைக்கு வண்டு மாதிரியே இராது, ஆனாலும் வண்டுதான். ரோவ் வண்டு என்பது பொதுப்பெயர். ஸ்டஃபிலினிடே என்பது குடும்பப் பெயர்.

இந்த ஒரு குடும்பத்தில் மட்டும் இதுவரை 66,000க்கும் மேற்பட்ட சிற்றினங்கள் பெயர் பெற்றுள்ளன. உலகப் பறவைகள் அத்தனையும் சேர்ந்து 11,000 அளவுதான். பாலூட்டிகள் அதிலும் குறைவு. விலங்குலகின் மிகப் பெரிய குடும்பம் என்று இன்று இதைத்தான் சொல்கிறார்கள். ஒவ்வோர் ஆண்டும் நூற்றுக்கணக்கில் புதியவை சேர்ந்துகொண்டே இருக்கின்றன. ஒரு ரோவ் வண்டு எப்படி 'புதிய சிற்றினம்' ஆகிறது, அந்த வேலையில் கோயம்புத்தூருக்கு என்ன பங்கு, அதனால் ஓர் உழவருக்கு என்ன பயன் என்பவற்றை இந்த அத்தியாயத்தில் பார்ப்போம்.

குட்டை இறக்கை

மற்ற வண்டுகளின் முன் இறக்கைகள் கெட்டியான மூடிகளாகி முதுகு முழுவதையும் மறைக்கும். ரோவ் வண்டின் மூடியோ இடுப்போடு நின்றுவிடும் அரைச்சட்டை போன்றது. வயிற்றின் பெரும்பகுதி வெளியே தெரியும். கவசம் குறைந்ததற்கு ஈடாக வளைந்து கொடுக்கும் உடல் கிடைத்தது. மண்ணின் வெடிப்பிலும், சருகடுக்கின் இடுக்கிலும், மரப்பட்டைக்கு அடியிலும் நுழைந்து புழுவையும் முட்டையையும் தேடித் தின்ன அந்த உடல்தான் வழிவிட்டது.

மூடி குட்டையானாலும் பறக்கும் இறக்கை குட்டையாகவில்லை. முழு நீளப் பின் இறக்கைகளை அந்தச் சிறு மூடிக்குள் அடக்கியாக வேண்டும். 2014இல் கசுயா சைட்டோ தலைமையிலான ஜப்பானிய ஆய்வாளர்கள் இதை அதிவேகக் கேமராவில் படமெடுத்தார்கள். வண்டு தன் வயிற்றையே கைபோலப் பயன்படுத்தி இறக்கைகளை உள்ளே தள்ளுகிறது. வலது இறக்கையும் இடது இறக்கையும் வெவ்வேறு கோடுகளில் மடிகின்றன. அடுத்த முறை அவை தம் மடிப்பை மாற்றிக்கொள்ளவும் கூடும். விண்கலத்தின் சூரியத் தகடுகளை மடிக்க இதிலிருந்து கற்கலாம் என்று அந்த ஆய்வாளர்கள் கருதினார்கள்.

இந்தக் குடும்பத்தில் நம் ஊர்க்காரர்களின் தோல் நேரடியாக அறிந்த வண்டு ஒன்று உண்டு. பீடரஸ் என்ற பேரினம். தலை கறுப்பு, கழுத்துப்பகுதி ஆரஞ்சு, குட்டை மூடி நீலப்பச்சை, வயிறு மறுபடியும் ஆரஞ்சு, நுனி மட்டும் கறுப்பு. மழைக்காலத்தில் வயலோரத்து வீட்டு விளக்குக்கு வரும். கடிக்காது, கொட்டாது. கழுத்தில் ஊர்வதை அறியாமல் தேய்த்துவிட்டால் நசுங்கிய உடலின் நீர் தோலில் படியும். ஒரு நாள் கழித்து அந்த இடம் கோடு கோடாகச் சிவந்து கொப்பளிக்கும். அக்கி என்று நினைத்துக் காவி எழுதப் போகிறவர்கள் உண்டு. மருத்துவர்களே குழம்பும் அளவுக்கு இரண்டும் ஒத்திருக்கும். செய்ய வேண்டியது எளிது: நசுக்காமல் ஊதித் தள்ளுங்கள், பட்டுவிட்டால் உடனே சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

எரிச்சல் தரும் அந்தப் பொருளுக்குப் பீடரின் என்று பெயர். அதைத் தயாரிப்பது வண்டு அல்ல, அதன் உடலுக்குள் வாழும் சூடோமோனாஸ் வகை பாக்டீரியா என்பதை 2002இல் ஜெர்மனியின் யோர்ன் பீல் மரபணுச் சான்றோடு காட்டினார். தாய் வண்டு இதை முட்டையிலும் சேர்த்து வைக்கிறது. அந்த முட்டையிலிருந்து வரும் புழுவை ஓநாய்ச் சிலந்திகள் தொட்டுவிட்டு ஒதுக்குகின்றன. இதே குடும்பத்து மூலக்கூறுகள் கடற்பஞ்சுகளிலும் கிடைத்திருக்கின்றன. செல்லின் புரத உற்பத்தியை நிறுத்தும் ஆற்றலால் புற்றுநோய் ஆய்வாளர்கள் இவற்றின்மேல் கண் வைத்திருக்கிறார்கள். அதே வண்டு நெல் வயலில் புகையானையும் தத்துப்பூச்சியையும் தின்னும் நன்மைப் பூச்சி. கோபிச்செட்டிபாளையத்துத் தடப்பள்ளி வாய்க்கால் பாசனத்தில் நெல் நடுபவருக்கு அது கூலி வாங்காத ஆள்.

ஒரு பேரினத்தைப் பற்றி இவ்வளவு தெரிந்ததற்குக் காரணம், அதற்குப் பெயர் இருந்தது. பீடரஸ் பியூசிப்பஸ் என்று 1826இல் ஜான் கர்டிஸ் இட்ட பெயரின்கீழ் வயல் ஆய்வு, தோல் மருத்துவம், வேதியியல், மரபணுவியல் எல்லாம் இருநூறு ஆண்டுகளாக வந்து சேர்ந்தன. பெயரில்லாத வண்டைப் பற்றிக் கோவையில் ஒருவர் கண்டறிவதும் கொழும்பில் ஒருவர் கண்டறிவதும் ஒன்றையொன்று சந்திக்கவே முடியாது.

பெயர் கேட்டுப் போன வண்டுகள்

நம் பகுதி ரோவ் வண்டுகளின் பெயர்கள் பெரும்பாலும் வெளிநாட்டு மேசைகளில் எழுதப்பட்டவை. 1859இல் ஜெர்மனியின் கிராட்ஸ், இலங்கையிலிருந்து நீட்னர் அனுப்பிய சேகரிப்பை முக்கியமாகக் கொண்டு ஒரு நூல் எழுதினார். 1904இல் பிரான்சின் ஆல்பெர் ஃபோவெல், இந்தியா, பர்மா வண்டுகளைத் தொகுத்தார். நீலகிரியில் ஹெச். எல். ஆண்ட்ரூஸ் சேகரித்தவை பல நூல்களில் திரும்பத் திரும்ப வரும்.

பிறகு வந்தவர் மால்கம் கேமரோன், பிரிட்டிஷ் கடற்படை மருத்துவர். டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனத்தில் பூச்சி வகைப்பாட்டாளராகப் பணியாற்றியவர். 'பிரிட்டிஷ் இந்திய விலங்குகள்' வரிசையில் ரோவ் வண்டுகளுக்கென 1930 முதல் 1939 வரை நான்கு தொகுதிகளை எழுதினார். வாழ்நாளில் அவர் பெயரிட்டவை நான்காயிரம் அளவு. இன்று இந்தியாவில் எந்த மலையில் ஒரு ரோவ் வண்டை எடுத்தாலும் முதலில் புரட்ட வேண்டியது அவர் நூல்தான். அவர் ஒப்பிட்ட மாதிரிகள் பெரும்பாலும் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

கோவையின் பங்கு சேகரிப்பில் இருந்தது. சைதாப்பேட்டையிலிருந்து 1906இல் இங்கு மாறிய வேளாண் கல்லூரி, தென்னிந்தியப் பூச்சியியலின் தலைமையிடமாயிற்று. சென்னை மாகாண அரசுப் பூச்சியியலாளராக இருந்த பெயின்பிரிக் பிளெட்சர் 1914இல் தென்னிந்தியப் பூச்சிகள் பற்றிய நூலை வெளியிட்டார், டி. வி. ராமகிருஷ்ண ஐயரின் பொருளாதாரப் பூச்சியியல் கையேடு 1940இல் வந்தது. இவர்களோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய பெயர் பி. சூசை நாதன். கோயம்புத்தூர், வாளையாறு காடு, ஆனைமலை சின்கோனா, நீலகிரியின் சிங்காரா, தேவாலா, நடுவட்டம் என்று பல்லாண்டுகள் அலைந்து பூச்சிகளைப் பிடித்து உலக அருங்காட்சியகங்களுக்கு அனுப்பியவர். லண்டனிலோ ஒட்டாவாவிலோ ஒரு பெட்டியைத் திறந்தால், ஊசி குத்திய பூச்சிக்குக் கீழே 'கோயம்புத்தூர், 1400 அடி', 'ஆனைமலை, சின்கோனா, 3500 அடி' என்ற அவருடைய சிறு சீட்டுகள் இன்றும் இருக்கின்றன. பல பூச்சிகளின் பெயரில் 'நாதனி' என்று அவர் நிலைத்திருக்கிறார்.

1972 நவம்பரில் ஜெனீவா அருங்காட்சியகத்தின் பெசுஷே, லோப்ல், முசார் மூவரும் தமிழகத்திலும் கேரளத்திலும் சருகு சலித்துச் சென்றார்கள். வால்பாறைக்கு வடக்கே 1250 மீட்டர் உயரத்திலும் குன்னூரிலும் அவர்கள் எடுத்த மண்ணிலிருந்து புதிய சிற்றினங்கள் கிடைத்தன. காளான்களில் வாழும் ஸ்கஃபிடினே வண்டுகளை மட்டும் எடுத்துக்கொண்டு 1979இல் இவான் லோப்ல் தென்னிந்தியாவுக்கென ஒரு தனி நூல் எழுத முடிந்தது. ஒரு பருவத்தின் பயணத்திலேயே இவ்வளவு என்றால், நாம் அன்றாடம் கடந்துபோகும் ஆழியாறு மலைப்பாதையின் ஓரத்தில் எவ்வளவு மீந்திருக்கும்!

சல்லடையிலிருந்து அச்சுவரை

புதிய சிற்றினத்தைக் காட்டில் கண்டவுடன் யாரும் அறிந்துகொள்வதில்லை. காட்டில் கிடைப்பது ஒரு பை சருகு. அதைக் கம்பிச் சல்லடையில் உலுக்கி, கீழே விழும் பொடியை வின்க்லர் பை என்னும் துணிப்பையில் தொங்கவிடுவார்கள். பொடி உலர உலர உயிரினங்கள் ஈரம் தேடிக் கீழிறங்கி ஆல்கஹால் குப்பியில் விழும். தரையில் புதைத்த குழிப்பொறி, இரவில் விளக்குப்பொறி, சாணி, அழுகிய காளான் ஆகியவை மற்ற வழிகள். குப்பிக்குள் போகும் சீட்டில் இடம், உயரம், தேதி, வாழிடம், எடுத்தவர் பெயர் எழுதப்பட வேண்டும். சீட்டு இல்லாத வண்டுக்கு அறிவியலில் ஊரே கிடையாது.

அடுத்தது நுண்ணோக்கியின்கீழ் நடக்கும் நீண்ட வேலை. வண்டைச் சிறு அட்டையில் ஒட்டி, தலையின் அகலம், கழுத்துப்பகுதியின் நீளம், மூடியின் நீளம், உணர்கொம்பின் ஒவ்வொரு கணு என்று அளப்பார்கள். தோலின் மேலுள்ள புள்ளிக்குழிகள் நெருக்கமா இடைவெளிவிட்டவையா, அவற்றுக்கு நடுவே நுண்கோடுகள் உண்டா என்று பார்ப்பார்கள். ஒரே சிற்றினத்தில் ஆணும் பெண்ணும் வேறுபடலாம். கூட்டிலிருந்து அப்போதுதான் வெளிவந்த வண்டு வெளிர்நிறமாக இருந்து வேறொன்று போல ஏமாற்றலாம். ஆகவே ஒற்றை மாதிரியை நம்பாமல் கிடைத்த அத்தனையையும் வரிசையாக வைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

தீர்ப்புச் சொல்வது பெரும்பாலும் ஆண் இனப்பெருக்க உறுப்பு. வயிற்றின் நுனியைப் பிரித்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் தசையைக் கரைத்து, மிஞ்சும் கெட்டியான பகுதியைக் கிளிசரினில் வைத்து வரைவார்கள். வெளியே அச்சு அசலாக இருக்கும் இரண்டு வண்டுகளுக்கு இந்த உறுப்பு முற்றிலும் வேறாக இருக்கும். இங்கேதான் பழைய நூல்கள் கைவிடுகின்றன. கேமரோன் நிறத்தையும் புள்ளியையும் அளவையும் கவனமாக எழுதினார்; உள்ளுறுப்பின் படங்களைப் பெரும்பாலும் தரவில்லை. அவர் பெயரிட்ட வண்டும் நம் கையில் இருப்பதும் ஒன்றா என்று அறிய லண்டனிலுள்ள மூல மாதிரியையே வரவழைத்தோ படமாகப் பெற்றோ திறந்து பார்க்க வேண்டும். அந்த ஒப்பீடு இல்லாமல் பெயரிட்டால் ஒரே வண்டுக்கு இரண்டு பெயர் விழும்; அதைத் திருத்த இன்னொருவரின் ஆண்டுகள் செலவாகும்.

மரபணுவும் உதவிக்கு வருகிறது. மைட்டோகாண்ட்ரியாவின் ஒரு குறிப்பிட்ட 658 எழுத்துத் துண்டைப் படித்து அருகிலுள்ள சிற்றினங்களோடு ஒப்பிடலாம். ஆனால் 1930இல் விவரிக்கப்பட்ட வண்டின் துண்டு யாரிடமும் இல்லையென்றால் ஒப்பிட எதுவும் இராது. உடலமைப்பைப் படிக்கும் பழைய கண்ணும் மரபணுவைப் படிக்கும் புதிய கருவியும் ஒரே மேசையில் உட்கார்ந்தால்தான் வேலை முடியும்.

எல்லாம் முடிந்தபின் சட்டம். விலங்குப் பெயர்களுக்கான பன்னாட்டு விதித்தொகுப்பின்படி, 1999க்குப் பின் வெளியாகும் எந்தப் புதிய பெயரும் 'இது புதியது' என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். மற்றவற்றிலிருந்து பிரித்தறியும் அடையாளங்களை எழுத வேண்டும். ஒரேயொரு மாதிரியை ஹோலோடைப் என்று குறித்து அது எங்கே வைக்கப்படுகிறது என்றும் அறிவிக்க வேண்டும். நாளை ஐயம் எழுந்தால் அந்த ஒரு மாதிரிதான் சாட்சி. இந்தியாவில் 2002ஆம் ஆண்டின் உயிரியல் பன்மயச் சட்டம், புதிதாகக் கண்டறியப்படும் உயிரினத்தின் மாதிரியை அரசு குறித்த களஞ்சியத்தில் ஒப்படைக்க வேண்டும் என்கிறது. இன்றைய ஆனைமலை வண்டின் ஹோலோடைப் இந்தியாவில்தான் இருக்கும்.

இந்த வேலை எவ்வளவு தாமதப்படும் என்பதற்கு உலகறிந்த சான்று சார்லஸ் டார்வினுடையது. 1832இல் அர்ஜென்டினாவின் பாயியா பிளாங்காவில் அவர் பிடித்த ரோவ் வண்டு ஒன்று லண்டன் அருங்காட்சியகத்தில் பெயரின்றிக் கிடந்தது. அதைப் புதிய பேரினம் என்று கண்டு ஸ்டிலியானோஸ் சாட்சிமனோலிஸ் 'டார்வினிலஸ் செடரிசி' என்று பெயரிட்ட கட்டுரை, 2014 பிப்ரவரி 12 அன்று, டார்வினின் 205ஆம் பிறந்தநாளில் வெளிவந்தது. இது விதிவிலக்கும் அல்ல: ஓர் உயிரி சேகரிக்கப்பட்டதற்கும் விவரிக்கப்படுவதற்கும் இடையே சராசரியாக 21 ஆண்டுகள் போகின்றன என்று 2012இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். சூசை நாதனின் சீட்டுத் தொங்கும் பெட்டிகளிலும் பெயருக்குக் காத்திருப்பவை இருக்கும் என்று எதிர்பார்ப்பது மிகையாகாது.

கணவாயின் இரு கரைகள்

கொங்கு நாட்டில் புதியவற்றை எங்கே தேடுவது? நிலமே வழிகாட்டுகிறது. கோவைக்கு மேற்கே மலைத்தொடர் அறுந்து பாலக்காட்டுக் கணவாய் திறக்கிறது. வடக்கே நீலகிரியும் சிறுவாணி மலைகளும், தெற்கே ஆனைமலை. சோலைக்காட்டுக் குளிரை விட்டு இறங்க முடியாத உயிர்களுக்கு நடுவிலுள்ள சூடான சமவெளி கடல் போன்ற தடை. பறக்கத் தெரிந்த பறவைகளிலேயே இது தெரிகிறது: சோலைக்கிளி எனப்படும் சோலிகோலா பேரினத்தில் நீலகிரிப் பக்கம் ஒரு சிற்றினம், கணவாய்க்குத் தெற்கே வேறு சிற்றினங்கள். பறவைக்கே இப்படியென்றால் சருகுக்குள் ஊரும் வண்டுக்குக் கேட்க வேண்டுமா?

மலையுச்சி ரோவ் வண்டுகளில் பல, பின் இறக்கை சுருங்கிப் பறக்கும் திறனை இழந்தவை. இமயத்திலும் சீனத்து மலைகளிலும் மலைக்கொரு சிற்றினம் என்று இவை பிரிந்திருப்பதை ஜெர்மனியின் ஃபோல்கர் அசிங் போன்றோர் ஏராளமாக விவரித்துள்ளனர். நம் மலைகளிலும் அதே காரணங்கள் இருக்கின்றன: பிரிந்த உச்சிகள், நீண்ட காலம், ஈரச் சோலைகள். வெள்ளியங்கிரியின் சருகையும் ஆனைமலையின் சருகையும் ஒரே மேசையில் ஒப்பிடுவது நல்ல முதல் வேலையாக இருக்கும்.

சமவெளியும் வெறுமையல்ல. கரையான் புற்றுக்குள் கரையான்களோடு சேர்ந்து வாழும் ரோவ் வண்டுகள் உண்டு. 1899இலேயே இயேசு சபைத் துறவி எரிக் வாஸ்மன் இந்தியப் புற்றுகளிலிருந்து அப்படிப்பட்ட டெர்மிட்டோடிஸ்கஸ் என்ற வண்டை விவரித்தார். கொங்குச் செம்மண்ணில் புற்றுக்குப் பஞ்சமில்லை.

பெயர் காப்பாற்றிய பயிர்

ஐந்து மில்லிமீட்டர் வண்டுக்குப் பெயரிட்டு என்ன ஆகப்போகிறது என்று கேட்பவர்களுக்குக் கொங்கு உழவர்களின் அனுபவமே விடை தரும். அது வேறொரு பூச்சியின் கதை, பாடம் ஒன்றுதான்.

2008இல் கோயம்புத்தூரில் பப்பாளி மரங்களின்மேல் வெள்ளைப் பஞ்சு படர்ந்தது. இந்தியாவில் அதற்குமுன் காணாத மாவுப்பூச்சி. கள்ளிப்பூச்சி என்று உழவர்கள் அழைத்த அது மரவள்ளியிலும் மல்பெரியிலும் பருத்தியிலும் ஏறி, கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களில் தோட்டம் தோட்டமாக அழித்தது. மருந்தடித்தும் மெழுகுப் பூச்சுக்குள் பூச்சி பிழைத்துக்கொண்டது.

அதன் அடையாளம் பாராகாக்கஸ் மார்ஜினேட்டஸ் என்று உறுதியானதும் வழி திறந்தது. 1955இல் மெக்சிகோவில் சேகரிக்கப்பட்ட அந்தப் பூச்சியை 1992இல் வில்லியம்ஸும் கிரனாரா டி வில்லிங்கும் விவரித்திருந்தார்கள். அதன் தாயகம் எது, அங்கே அதை அடக்கி வைப்பது எது என்று அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டு தேட முடிந்தது. அடக்கி வைத்தவற்றுள் ஒன்று மிகச் சிறு ஒட்டுண்ணிக் குளவி. அதுவும் பெயரில்லாமல் இருந்து, 2003இல் நாய்ஸ், ஷாஃப் இருவரால் அசெரோஃபேகஸ் பப்பாயே என்று புதிய சிற்றினமாக விவரிக்கப்பட்டது. 2010இல் அந்தக் குளவியைப் பெங்களூரின் தேசிய வேளாண் பூச்சிகள் நிறுவனம் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து வரவழைத்தது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வளர்த்துத் தோட்டங்களில் விட்டது. சில மாதங்களில் மாவுப்பூச்சி ஒடுங்கியது. மல்பெரியும் மரவள்ளியும் மீண்டன.

அருங்காட்சியக அறையில் நுண்ணோக்கியின்கீழ் இரண்டு பேர் குளவியின் உணர்கொம்புக் கணுக்களை எண்ணிக்கொண்டிருந்தபோது, ஏழாண்டு கழித்து உடுமலைப்பேட்டை மல்பெரித் தோட்டம் அதனால் பிழைக்கும் என்று அவர்கள் அறிந்திருக்க வழியில்லை. வகைப்பாட்டின் பயன் இப்படித்தான் வரும்: தேவை வருவதற்கு முன்பே வேலை முடிந்திருக்க வேண்டும். தென்னைக் கழிவிலும் நெல் வயலிலும் ஈயின் புழுவையும் பூச்சி முட்டையையும் தின்னும் ரோவ் வண்டுகளில் எது நாளைக்கு நமக்குத் தேவைப்படும் என்று இன்று யாராலும் சொல்ல முடியாது. ஆகவேதான் எல்லாவற்றையும் விவரிக்க வேண்டியிருக்கிறது.

இதற்கு வேண்டியவை கோவையிடம் பெரும்பாலும் இருக்கின்றன. வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பூச்சிச் சேகரிப்பும் 2018இல் திறந்த பூச்சி அருங்காட்சியகமும் இருக்கின்றன. 1902இல் தொடங்கிய காஸ் வன அருங்காட்சியகம் இருக்கிறது. ஒரு மணி நேரத்தில் எட்டும் தூரத்தில் மலைகள் இருக்கின்றன. குறைவாக இருப்பது, ஒரே குடும்பத்துக்கு வாழ்நாளைக் கொடுத்து உட்காரும் ஆட்கள். அவர்களுக்கு நிலையான வேலை வேண்டும். லண்டனிலும் ஜெனீவாவிலும் உள்ள மூல மாதிரிகளின் தெளிவான படங்கள் வேண்டும். மூன்றாண்டுத் திட்ட நிதி முடிந்ததும் கலைந்துவிடாத ஒரு மேசை வேண்டும். இவற்றைக் கேட்பது ஆடம்பரமல்ல, பாசன வாய்க்காலுக்குக் கரை கேட்பது போன்ற அடிப்படைத் தேவை.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. பெயரிடும் தேர்ச்சி வரப் பத்து ஆண்டு ஆகலாம். பயனுள்ள மாதிரியைச் சேர்க்க ஒரு நாள் போதும். கல்லூரிச் சேகரிப்புக்காக அடுத்த முறை ஒரு வண்டைப் பிடிக்கும்போது ஊர், உயரம், தேதி, அது சாணியில் இருந்ததா சருகில் இருந்ததா என்பதைப் பென்சிலால் எழுதிக் கூடவே வையுங்கள். பேராசிரியர் பட்டம் இல்லாமலே சூசை நாதன் எழுதிய சீட்டுகளை இன்றும் உலகம் படிக்கிறது. பெயர் எழுதப்போகிறவர் இன்னும் பள்ளியில் படிக்கும் ஒருவராக இருக்கலாம். அவருக்கு வேண்டிய முதல் சான்றை இன்றே நம்மால் சேர்த்துவைக்க முடியும்.